சீனி போடாத கடல்பாசி

2023 ஜூனில் பள்ளி திறந்த இரண்டாவது வாரம், வலது விலாவுக்குக் கீழே ஒரு கனம் வந்து உட்கார்ந்துகொண்டது. வலி என்று சொல்ல முடியாது. சாப்பிட்டதும் கொஞ்சம் அழுத்தும், ஒருக்களித்துப் படுத்தால் தெரியும். உம்மாவுக்குப் பித்தப்பையில் கல் இருந்து எடுத்திருக்கிறார்கள். எனக்கும் அதுதான் என்று நினைத்து ஸ்கேன் எடுக்கப் போனேன். கல் இல்லை. வயிற்றில் தடவிய ஜெல்லைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, "லிவர்ல கொழுப்பு இருக்கு டீச்சர், கிரேடு டூ. டாக்டர்ட்ட காட்டிருங்க" என்றார் ஸ்கேன் எடுத்த பெண்.

இரத்தப் பரிசோதனையில் கல்லீரல் என்சைம்களான எஸ்ஜிபிடி 78, எஸ்ஜிஓடி 52, இரத்தக் கொழுப்பான டிரைகிளிசரைடு 236. எடை 74 கிலோ, உயரம் 154 சென்டிமீட்டர், வயது 46. மதுரைக்குப் போய் ஃபைப்ரோஸ்கேனும் எடுத்தோம். கல்லீரலின் இறுக்கம் 6.2 கிலோபாஸ்கல் என்று வந்தது. தழும்பு விழவில்லை, கொழுப்புதான் ஏறியிருக்கிறது என்றார் டாக்டர். அதைக் கேட்ட பிறகுதான் அன்று மத்தியானம் எனக்குச் சோறு இறங்கியது.

நான் கீழக்கரையில் பிறந்தவள். இராமநாதபுரத்தில் பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்புகளுக்குத் தாவரவியல் எடுக்கிறேன். பாசிகள் என் பாடம். வீட்டிலோ நோன்பு மாதம் முழுக்கக் கடல்பாசி என்ற இனிப்புக் களி கிண்டுவோம். இரண்டு பாசிகளையும் நான் சேர்த்து யோசித்ததே இல்லை. இந்த ரிப்போர்ட் வந்த பிறகு இரண்டு வருடமாக வேறெதையும் அவ்வளவு யோசிக்கவில்லை என்றுகூடச் சொல்லலாம். கல்லீரல் கொழுப்புக்குப் பாசி நல்லதாமே என்று என்னிடம் கேட்பவர்களின் எண்ணிக்கை கூடிக்கொண்டே போகிறது. ஒவ்வொருவருக்கும் போனில் சொல்வதை இங்கே ஒரே முறையாக எழுதிவைக்கிறேன்.

முதலில் ஒரு மனக்குறை. கல்லீரல் கெட்டது என்றால் நம் ஊரில் குடி என்றுதான் அர்த்தம். ரிப்போர்ட்டை ஆசிரியர் அறையில் சொன்னபோது கூட வேலை செய்யும் ஒருவர், "உங்களுக்கா, உங்க வீட்டுக்காரருக்கா?" என்று இரண்டு முறை கேட்டார். ஒரு சொட்டு தொடாத வீட்டில் இருந்துகொண்டு அதற்குப் பதில் சொல்லும்போது நாக்கு கூசியது. அதே ஜூன் மாதத்தில்தான் வியன்னாவில் நடந்த கல்லீரல் மருத்துவர்கள் மாநாட்டில் இந்த நோயின் பெயரையே மாற்றினார்கள். 'மது சாராத கொழுப்புக் கல்லீரல்' என்ற பழைய பெயரை எடுத்துவிட்டு, வளர்சிதை மாற்றக் கோளாறோடு சேர்ந்த நோய் என்று பொருள்படும்படி எம்ஏஎஸ்எல்டி என்று வைத்தார்கள். மது என்ற வார்த்தையே பெயரில் இருக்கக் கூடாது, அது நோயாளியைக் கூச வைக்கிறது என்பதும் ஒரு காரணம். அந்தச் செய்தியைப் படித்தபோது யாரோ எனக்காகப் பேசியது மாதிரி இருந்தது.

நோயின் கதை சிக்கலானது அல்ல. கல்லீரலை ஒரு கிட்டங்கி என்று வைத்துக்கொள்ளுங்கள். சோறு, சீனி, மாவு என்று உள்ளே வருகிற சரக்கில் அன்றாடச் செலவு போக மிஞ்சுவதை அது கொழுப்பாக மாற்றி வெளியே அனுப்பும். வரத்து ஓயாமல் இருந்தால், அனுப்ப முடியாத கொழுப்பு கிட்டங்கியிலேயே தேங்கும். கல்லீரல் செல்களில் நூற்றுக்கு ஐந்துக்கு மேல் இப்படிக் கொழுப்பு ஏறியிருந்தால் அது கொழுப்புக் கல்லீரல். சிலருக்கு அது அப்படியே இருந்துவிடும். சிலருக்கு அந்தக் கொழுப்பு ஊறு செய்து, செல்கள் வீங்கி, வீக்கம் ஆறும்போது தழும்பு விழும். தழும்பு கூடிக் கூடித்தான் சிரோசிஸ் வரைக்கும் போகிறது. சீனியில் பாதியாக இருக்கும் ஃபிரக்டோஸ் பெரும்பாலும் கல்லீரலுக்குத்தான் போகும், அங்கேதான் கொழுப்பாகும். நான் ஒரு நாளைக்கு ஐந்து டீ குடித்துக்கொண்டிருந்தேன், ஒவ்வொன்றிலும் இரண்டு கரண்டி சீனி. மூன்று வேளையில் இரண்டு வேளை சோறு. வாரத்துக்கு ஒரு முறை ஊரிலிருந்து யாராவது தொதல் என்ற இனிப்பைக் கொண்டுவந்துவிடுவார்கள்.

சரி, பாசிக்கு வருகிறேன்.

ரிப்போர்ட் வந்த மறு வாரமே ராத்தா (அக்கா) மகன் சென்னையிலிருந்து ஸ்பைருலினா மாத்திரை இரண்டு டப்பா அனுப்பிவிட்டான். "சாச்சி, லிவருக்கு இதுதான் பெஸ்ட்" என்று ஒரு வீடியோவும் கூடவே. ஸ்பைருலினா எனக்குப் புதிதல்ல. நீலப்பசும்பாசி பாடத்தில் படம் வரைந்து காட்டுவேன், திருகு திருகாக ஸ்பிரிங் மாதிரி இருக்கும். ஆப்பிரிக்காவில் சாட் ஏரிக்கரை மக்கள் அதை வழித்தெடுத்துக் காயவைத்து அடை மாதிரி ஆக்கிச் சாப்பிட்டு வந்திருக்கிறார்கள். நம் பக்கத்திலும் இதற்குப் பெரிய கதை உண்டு. சென்னை தரமணியில் முருகப்பச் செட்டியார் ஆராய்ச்சி மையத்தில் சி.வி. சேஷாத்ரி இருந்தார். ஏழைகளுக்கு எட்டக்கூடிய சத்துணவாக இதை வளர்த்துக் காட்டியவர் அவர். 1990களின் தொடக்கத்தில் கிராமத்துச் சிறு குழந்தைகள் சுமார் 5,000 பேருக்குத் தினம் ஒரு கிராம் ஸ்பைருலினா கொடுத்து, வைட்டமின் ஏ குறைவால் கண்ணில் வரும் வெண்திட்டுகள் குறைகிறதா என்று அந்த மையம் பார்த்தது. குறைந்தது. அந்தக் கதையை வகுப்பில் சொல்லும்போது ஒவ்வொரு வருடமும் எனக்குத் தொண்டை அடைக்கும்.

ஆனால் குழந்தையின் கண்ணுக்கு நல்லது செய்தது என் கல்லீரலுக்கும் செய்யுமா? தேடிப் படித்தேன். எலிகளில் நடந்த ஆய்வுகள் ஏராளம். ஸ்பைருலினாவின் நீல நிறத்துக்குக் காரணமான பைகோசயனின் செல்லுக்குள் ஆக்சிஜனேற்றச் சேதத்தைத் தணிக்கிறது, கொழுப்பு தேங்குவதும் குறைகிறது என்று அவை சொல்கின்றன. மனிதர்களில் நடந்தவை குறைவு, அதுவும் சிறியவை. அதில் என் மனதில் நின்றது கிரீஸ் நாட்டின் கிரீட் தீவில் நடந்த ஒன்று, 2014இல் வெளியானது. கொழுப்புக் கல்லீரல் உள்ள 15 பேர், தினம் 6 கிராம் ஸ்பைருலினா, ஆறு மாதம். எஸ்ஜிபிடியும் எஸ்ஜிஓடியும் சராசரியாக மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இறங்கின. டிரைகிளிசரைடு கால்வாசி குறைந்தது. இதைத்தான் வீடியோக்களில் எல்லோரும் சொல்கிறார்கள்.

அவர்கள் சொல்லாமல் விடுவது இரண்டு விஷயம். அந்த 15 பேரின் எடையும் அதே ஆறு மாதத்தில் சராசரியாக 8 சதவீதம் குறைந்திருந்தது. மாத்திரை தராமல் ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழு வைக்கவில்லை. எனவே என்சைம் இறங்கியது பாசியாலா, எடை குறைந்ததாலா என்று பிரிக்க வழியில்லை. இரண்டாவது, ஆறு மாதம் கழித்து ஸ்கேன் பார்த்தபோது அத்தனை பேருக்கும் கல்லீரலில் கொழுப்பு இன்னும் தெரிந்தது. என்சைம் இறங்கியது, கொழுப்பு ஸ்கேனை விட்டுப் போகவில்லை. இந்த இரண்டாவது வரியைப் படித்துவிட்டு மாத்திரை டப்பாவைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

டாக்டரிடம் கேட்டேன். "சாப்பிடுங்க டீச்சர், உங்க மத்த ரிப்போர்ட்டுக்கு ஒண்ணும் கெடுதி இல்ல. ஆனா சோத்தைக் குறைக்காம இதை முழுங்கிட்டு என்கிட்ட வராதீங்க" என்றார். தினம் 3 கிராம், அரை கிராம் மாத்திரை ஆறு, என்று தொடங்கினேன்.

இரண்டு டப்பாவும் தீர்ந்த பிறகு நடந்ததையும் சொல்ல வேண்டும். விலை குறைவாகக் கிடைக்கிறதே என்று இணையத்தில் ஒரு பொடி வாங்கினேன். 'இயற்கையான ஏரியிலிருந்து அறுவடை செய்தது' என்று உறையில் பெருமையாகப் போட்டிருந்தது. தயாரித்த தொகுதி எண் இல்லை, பரிசோதனைச் சான்று இல்லை. பிரித்ததும் சேற்றுக் குளத்தின் வாடை. இரண்டு நாள் மோரில் கலந்து குடித்தேன், இரண்டு நாளும் குமட்டல். மூன்றாம் நாள் ஒரு சிட்டிகையைப் பள்ளிக்கு எடுத்துப் போய் நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தேன். ஸ்பைருலினாவின் திருகு இழைகள் அங்கங்கே உடைந்து கிடந்தன. அவற்றோடு நான் எதிர்பார்க்காத உருண்டைக் கொத்துகளும் இருந்தன. அவை என்னவென்று எங்கள் பள்ளி நுண்ணோக்கியை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. பொடியைக் குழி தோண்டிப் புதைத்தேன்.

பயந்ததற்குக் காரணம் இருக்கிறது. நீலப்பசும்பாசிகளில் மைக்ரோசிஸ்டிஸ் என்று ஒன்று உண்டு, குளங்களில் கோடையில் பச்சைப் பெயிண்ட் கொட்டினது போலப் படரும். அது மைக்ரோசிஸ்டின் என்ற நஞ்சைச் சுரக்கிறது. அந்த நஞ்சு போய்த் தாக்குவது கல்லீரலைத்தான். 1996இல் பிரேசிலின் கருவாரு நகரில் ஒரு டயாலிசிஸ் மையத்துக்கு வந்த தண்ணீரில் இது கலந்திருந்ததால் 50க்கும் மேற்பட்ட நோயாளிகள் கல்லீரல் செயலிழந்து இறந்தார்கள். அமெரிக்காவில் ஒரேகான் மாநிலத்தின் கிளாமத் ஏரியிலிருந்து அள்ளி விற்கப்பட்ட நீலப்பசும்பாசி மாத்திரைகளை அந்த மாநிலம் சோதித்தபோது, 87 மாதிரிகளில் 85இல் இந்த நஞ்சு இருந்தது. 63 மாதிரிகளில் கிராமுக்கு ஒரு மைக்ரோகிராம் என்ற வரம்பைத் தாண்டியிருந்தது. அது ஸ்பைருலினா அல்ல, வேறு பாசி. அதுவும் தானாக நஞ்சு சுரக்கவில்லை, ஏரியில் கூடவே வளர்ந்த மைக்ரோசிஸ்டிஸ் கலந்துவிட்டது. ஸ்பைருலினாவைத் தொட்டியில் முறையாக வளர்த்தால், சோடா உப்புப் போட்டு அந்தத் தண்ணீரின் காரத்தன்மையைக் கூட்டி வைத்திருப்பார்கள், மற்ற பாசிகள் அதில் எளிதில் வளராது. அதனால்தான் 'காட்டு ஏரி', 'இயற்கை அறுவடை' என்று படித்தால் ஓடிவிடுங்கள் என்கிறேன். எங்கே வளர்த்தார்கள், யார் சோதித்தார்கள் என்று எழுதாத பாசிப் பொடியைக் கல்லீரல் நோயாளி வாயில் வைக்கக் கூடாது. இதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது.

ராத்தா கதை இன்னொன்று. தைராய்டுக்கு மாத்திரை சாப்பிடுகிறவள். எனக்குப் பாசி என்றதும் அவளும் வெளிநாட்டிலிருந்து வந்த கெல்ப் கேப்ஸ்யூல் வாங்கிப் போட்டுக்கொண்டாள். கெல்ப் என்பது குளிர்கடலில் வளரும் பெரிய பழுப்புப் பாசி, ஜப்பான்காரர்கள் கொம்பு என்று சூப்பில் போடுவார்களே, அந்த இனம். நமக்கு ஒரு நாளைக்குத் தேவையான அயோடின் 150 மைக்ரோகிராம். காய்ந்த கொம்பு ஒரே கிராமில் 1,000 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கலாம். ஆறு வாரத்தில் அவளுடைய தைராய்டு பரிசோதனையில் பார்க்கும் டிஎஸ்எச் அளவு தாறுமாறாகிவிட்டது. டாக்டர் கேப்ஸ்யூலை நிறுத்தச் சொன்ன பிறகுதான் வழிக்கு வந்தது. பாசி எல்லாம் ஒன்று என்று நினைத்துவிடுகிறோம். நெல்லும் எட்டியும் செடிதான் என்பது மாதிரி அது.

இதெல்லாம் நடந்துகொண்டிருந்தபோது, செப்டம்பரில், மாணவிகளைக் கூட்டிக்கொண்டு பாம்பன் பக்கம் களப்பயணம் போனோம். வருடா வருடம் போகிற இடம்தான். இந்த முறை நான் வேறு கண்ணோடு போனேன்.

மன்னார் வளைகுடாவில் பாசி எடுப்பது பெண்கள். விரல்களில் துணி சுற்றி, காலில் ரப்பர் செருப்பு போட்டு, கண்ணுக்குக் கண்ணாடி மாட்டி, மூச்சைப் பிடித்து மூழ்கிப் பாறையிலிருந்து பிய்த்துக்கொண்டு வருவார்கள். சின்னப்பாலத்துப் பெண்கள் மாதத்தில் பன்னிரண்டு நாள்தான் எடுப்பது என்று தங்களுக்குள்ளேயே கட்டுப்பாடு வைத்திருக்கிறார்கள், பாசி மறுபடி வளர வேண்டுமே என்று. அந்த ஊர் லட்சுமி மூர்த்திக்கு 2015இல் சீகாலஜி என்ற சர்வதேச விருது கிடைத்தது. நம் மாவட்டத்துப் பிள்ளைகளுக்கே இது தெரியவில்லை என்பது எனக்கு வருத்தம்.

பாசிகளுக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர்கள் என் பாடப்புத்தகத்தைவிட அழகானவை. மரிக்கொழுந்துப் பாசி, கட்டக்கோரை, பக்கோடாப் பாசி, கஞ்சிப் பாசி. மரிக்கொழுந்தும் கஞ்சிப் பாசியும் மதுரை ஆலைகளுக்குப் போய் அகர் ஆகின்றன, அதுதான் கடைகளில் நாம் வாங்கும் கடல்பாசி. கஞ்சிப் பாசிக்குப் பெயர் வந்ததே அதைப் போட்டுக் கஞ்சி காய்ச்சுவதால்தான். கரையில் மூட்டை கட்டிக்கொண்டிருந்த ஓர் அக்காவிடம் இப்போதும் காய்ச்சுகிறீர்களா என்று கேட்டேன். "எங்க அம்மா காலத்துல காய்ச்சுவாக டீச்சர். இப்ப கிலோவுக்குக் காசு வருதுல்ல, யாரு காய்ச்சுறா?" என்றார்.

கரையோரம் மூங்கில் மிதவைகளில் இன்னொரு பாசி வளர்க்கிறார்கள். கப்பாஃபைகஸ் என்பது தாவரவியல் பெயர், ஊரில் 'பெப்சிப் பாசி'. பெப்சி கம்பெனி ஒப்பந்தம் போட்டு வளர்க்க வைத்ததால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. 45 நாளில் அறுவடைக்கு வரும். குருசடைத் தீவுப் பக்கம் பவளப்பாறை மேல் இது படர்ந்ததைப் பற்றி எனக்குக் கவலை உண்டு, அதை வேறொரு நாள் எழுதுகிறேன். இங்கே சொல்ல வந்தது வேறு. ஆஸ்திரேலியாவின் டூவூம்பா நகரில் லிண்ட்சே பிரவுன் என்ற பேராசிரியரின் குழு இதே பாசியை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்து 2017இல் வெளியிட்டது. முதலில் எலிகளை நோயாளி ஆக்கினார்கள். எப்படி? கண்டென்ஸ்டு மில்க், மாட்டுக் கொழுப்பு, ஃபிரக்டோஸ் எல்லாம் கலந்த தீனி. குடிக்கும் தண்ணீரிலும் நூற்றுக்கு 25 ஃபிரக்டோஸ். எட்டு வாரத்துக்குப் பிறகு, அதே தீனியை நிறுத்தாமல், அதில் 5 சதவீதம் உலர்ந்த பாசியைச் சேர்த்தார்கள். பதினாறு வாரம் முடிவில் பாசி தின்ற எலிகளுக்கு எடை, வயிற்றுக் கொழுப்பு, இரத்த அழுத்தம், கல்லீரலில் தேங்கிய கொழுப்பு எல்லாமே குறைவு. குடலில் இருக்கும் பாக்டீரியாக்களின் கூட்டமும் மாறியிருந்தது.

பேருந்தில் திரும்பி வரும்போது ஒரு தாளில் கணக்குப் போட்டேன். எலிக்கு 5 சதவீதம் என்றால், காய்ந்த எடையில் அரைக் கிலோ சாப்பாடு சாப்பிடும் ஆளுக்குத் தினம் 25 கிராம் காய்ந்த பாசி. ஊறவைத்தால் ஒரு சட்டி நிறையும். யாராலும் தினம் தின்ன முடியாது. அந்தத் தாளின் மறுபக்கத்தில், சும்மா, உம்மாவின் கடல்பாசிக்கும் கணக்கு எழுதினேன். ஒரு லிட்டர் பால், கடல்பாசி 10 கிராம், சீனி 300 கிராம், அரை டின் கண்டென்ஸ்டு மில்க், ரோஸ் எசன்ஸ், பாதாம். ஐந்து கிண்ணம் வரும். அப்படியானால் ஒரு கிண்ணத்தில் பாசி 2 கிராம், சீனி 60 கிராம், அதற்கு மேல் கண்டென்ஸ்டு மில்க்கில் இருக்கும் சீனி.

எலியை நோயாளி ஆக்கிய தீனியும் அதைக் குணமாக்கிய பாசியும் எங்கள் வீட்டில் ஒரே கிண்ணத்தில் இருந்திருக்கின்றன. நாற்பது வருடமாக நோன்பு திறந்ததும் முதலில் அதைத்தான் கையில் எடுத்திருக்கிறேன். பேருந்து ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு எனக்கு அழுகை வந்துவிட்டது. உம்மா மேல் கோபம் இல்லை. அவர் அன்போடு கொடுத்ததுதான் அது.

அந்த வாரத்திலிருந்துதான் நான் உண்மையாகவே மாறினேன். டீயில் சீனி நின்றது. மத்தியானம் ஒரே ஒரு கரண்டிச் சோறு, தட்டில் பாதி காய், மீன் கட்டாயம். இராத்திரி சோறு இல்லை. மகரிபு தொழுகைக்குப் பிறகு நாற்பது நிமிடம் நடை, வீட்டுக்காரரும் கூட வருவார். கியூபாவில் 293 பேரை ஒரு வருடம் பின்தொடர்ந்த ஆய்வு ஒன்று 2015இல் வந்தது. கல்லீரல் கொழுப்போடு வீக்கமும் இருந்தவர்கள் அவர்கள். உணவையும் நடையையும் மட்டும் மாற்றச் சொன்னார்கள். எடையில் பத்தில் ஒரு பங்கைக் குறைத்தவர்களில் 90 சதவீதத்தினருக்கு அந்த வீக்கம் மறைந்தது, பாதிக்குச் சற்றுக் குறைவானவர்களுக்குத் தழும்புகூடப் பின்வாங்கியது. பாசி பற்றி நான் படித்த எந்த ஆய்விலும் இவ்வளவு பெரிய பலன் இல்லை. 74இல் பத்தில் ஒன்று என்றால் 7.4 கிலோ. 66.6 என்ற எண்ணைக் குளிர்பதனப் பெட்டிக் கதவில் எழுதி ஒட்டினேன்.

டிசம்பரில் மறுபடி பரிசோதனை. எடை 70.5. எஸ்ஜிபிடி 49. டிரைகிளிசரைடு 171. ஸ்கேனில் கிரேடு டூ, அப்படியே. கிரீட் தீவின் 15 பேரோடு நானும் பதினாறாவதாகப் போய் உட்கார்ந்த மாதிரி இருந்தது. அவர்களைப் போலவே எனக்கும் எண் இறங்கியது, படம் மாறவில்லை. ஸ்பைருலினா அதில் எவ்வளவு செய்தது என்று பிரித்துச் சொல்லும் உரிமை எனக்கும் இல்லை. அதை நிறுத்தவும் இல்லை. மத்தியானச் சோற்றைக் குறைத்த பிறகு சாயங்காலம் வரும் தளர்ச்சிக்கு அந்தப் புரதமும் இரும்பும் உதவியதாக உணர்ந்தேன், அதனால் தொடர்ந்தேன்.

அப்புறம் 2024 நோன்பு வந்தது. மார்ச் 12 முதல் நோன்பு. எனக்குப் பயம் அதுதான். முப்பது நாளும் கடல்பாசி, சம்சா, வாடா, கஞ்சி. ஒரு மாதத்தில் ஆறு மாத உழைப்பும் போய்விடும்.

கடல்பாசியை விடுவதா? அதற்கு மனம் ஒப்பவில்லை, விட வேண்டிய அவசியமும் இல்லை. பாசியில் குற்றம் இல்லை. அகர் பெரும்பாலும் நார்ப்பொருள், நம் குடலால் செரிக்க முடியாதது, வயிற்றில் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு நிற்கும். ஜப்பானில் கந்தென் என்பார்கள். 1600களில் குளிர்காலத்து இரவில் வெளியே கிடந்த பாசிக் களி உறைந்து உலர்ந்ததைப் பார்த்து ஒரு சத்திரக்காரர் கண்டுபிடித்தார் என்பது அங்கே வழங்கும் கதை. 1880களில் ஜெர்மனியில் ஃபேனி ஹெஸ்ஸே என்ற பெண், ஜாம் செய்யும் சமையல் அனுபவத்திலிருந்து, கணவருடைய ஆய்வகத்தில் பாக்டீரியா வளர்க்க அகரைப் போட்டுப் பார்க்கச் சொன்னார். இன்றைக்கு உலகத்தின் ஒவ்வொரு ஆய்வகத்திலும் அதுதான். பாடத்தை விட்டு விலகுகிறேன், ஆனால் அந்தப் பெண்ணின் பெயரைச் சொல்லாமல் நான் அகர் பற்றிப் பேசுவதில்லை.

2005இல் ஜப்பானில் சர்க்கரை நோயும் உடல் பருமனும் உள்ள 76 பேரிடம் 12 வாரம் இதைச் சோதித்தார்கள். எல்லோருக்கும் ஒரே உணவுக் கட்டுப்பாடு, பாதிப் பேருக்கு அதோடு தினம் 180 கிராம் அகர்க் களி. களி சாப்பிட்டவர்களுக்கு எடை 2.8 கிலோ குறைந்தது, மற்றவர்களுக்கு 1.3 கிலோ. வேறு மாயம் இல்லை. வயிறு நிறைகிறது, சோறு குறைகிறது. எனக்குத் தேவையானதும் அதுதான்.

முதல் நோன்பன்று இளநீரில் கடல்பாசி போட்டேன். பாசியைத் தண்ணீரில் கொதிக்கவைத்து நன்றாகக் கரைத்துக்கொள்ள வேண்டும், அடுப்பை அணைத்த பிறகு இளநீரை ஊற்ற வேண்டும். இளநீரைக் கொதிக்க வைத்தால் மணம் போய்விடும். லிட்டருக்கு 12 கிராம் பாசி, கொஞ்சம் கெட்டியாகவே இருக்கட்டும். வழுக்கையைச் சீவி உள்ளே போட்டு, மேலே பிஸ்தா. சீனி கிடையாது. ஊரிலிருந்து உம்மா வந்திருந்தார். ஒரு கரண்டி வாயில் வைத்துவிட்டு, "இது பாசியா, பச்சத் தண்ணியா மவளே?" என்றார். பிள்ளைகள் இரண்டு பேரும் கிண்ணத்தைத் தள்ளி வைத்தார்கள். நான் இரண்டு கிண்ணம் சாப்பிட்டேன். அன்று சம்சா ஒன்றோடு நின்றது, கஞ்சி பாதிக் கோப்பையோடு நின்றது. பத்தாம் நோன்புக்குள் சின்னவன் அதைக் கேட்டு வாங்கிச் சாப்பிட ஆரம்பித்தான்.

ஜூன் மாதம் 66.4 கிலோ. எஸ்ஜிபிடி 31, டிரைகிளிசரைடு 138. ஸ்கேனில் கிரேடு ஒன்று. ஃபைப்ரோஸ்கேன் 5.1. ஸ்கேன் எடுத்தவர் அதே பெண். பழைய படத்தையும் புதிய படத்தையும் அருகருகே வைத்துக் காட்டினார். முதல் படத்தில் கல்லீரல் சுண்ணாம்பு பூசிய சுவர் மாதிரி வெளுத்திருந்தது. இதில் சிறுநீரகத்தின் நிறத்துக்கு நெருங்கி வந்திருந்தது.

ஒரு விஷயம் கேட்பார்கள் என்று தெரியும். கொச்சியில் தலைமையகம் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம், கொழுப்புக் கல்லீரலுக்கென்றே கடற்பாசியிலிருந்து 'கடல்மீன் லிவ்கியூர்' என்று ஒரு கேப்ஸ்யூல் உருவாக்கியிருக்கிறது. நம் கடலின் பாசி, அரசு நிறுவனத்தின் வேலை என்பதால் எனக்கு அதில் உண்மையாகவே பெருமை. நான் சாப்பிடவில்லை. சாப்பிட விரும்புகிறவர்கள் தங்கள் டாக்டரிடம் ரிப்போர்ட்டோடு போய்க் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். குறிப்பாகத் தைராய்டு மாத்திரையோ, இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரையோ சாப்பிடுபவர்கள் எந்தப் பாசியையும் தானாக ஆரம்பிக்காதீர்கள்.

2025 நோன்பு மார்ச் 2 அன்று தொடங்கியது. உம்மாவுக்குப் போன் போட்டு வரும்போது என்ன வேண்டும் என்று கேட்டேன். "அந்த இளநிப் பாசி போட்டு வை. நாலு கிண்ணம் கூடப் போடு, பக்கத்து வீட்டு ஆயிஷாவுக்கும் லிவர்ல ஏதோ சொல்லிருக்காகளாம்" என்றார்.